43279 என்றால் மீனம்பாக்கம்

காலை எட்டரை மணி. கிரீன்விச் கணக்கில் அது விடியற்காலை மூன்று. உலகத்து வானிலை நிலையங்கள் ஒரே நேரத்தில் கருவிகளைப் பார்த்துக் குறிக்கும் வேளைகளில் அதுவும் ஒன்று. சென்னை மீனம்பாக்கம் நிலையம் அப்போது எடுக்கும் அளவீடு வாக்கியமாக எழுதப்பட்டதில்லை. ஐந்தைந்து இலக்கமாகக் கட்டுக்கட்டாகத்தான் அது பல பத்தாண்டுகளாகப் பயணம் செய்தது. மாதிரிக்கு ஒன்று, நடுவில் சில கட்டுகளை விட்டுவிட்டுத் தருகிறேன்:

12034 43279 42706 10312 20254 40085

முதல் கட்டில் தேதி 12, மணி 03. கடைசியில் நிற்கும் 4-ஐப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 43279 என்றால் மீனம்பாக்கம். 42706-இல் முதல் 4, வானத்தை எட்டுப் பங்காக்கினால் அதில் நான்கு பங்கு மேகம் என்கிறது. 27 என்றால் காற்று 270 பாகையிலிருந்து, அதாவது நேர் மேற்கிலிருந்து வீசுகிறது. 06 அதன் வேகம். 1 என்று தொடங்கும் கட்டு வெப்பநிலை: அடுத்த 0 பூச்சியத்துக்கு மேல் என்பதற்கு, 312 என்றால் 31.2 டிகிரி. 2 என்று தொடங்குவது பனிப்புள்ளி, 25.4. 4 என்று தொடங்குவது கடல்மட்டக் காற்றழுத்தம்: 0085 என்றால் 1008.5 மில்லிபார். ஆயிரத்துக்கான 1-ஐ எழுதாமல் விடுவது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சென்னையில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே போகும் பேச்சே இல்லை. ஆனாலும் மேலே, கீழே என்று காட்டும் அந்த இரண்டாம் இலக்கத்தை மீனம்பாக்கமும் எழுதித்தான் ஆகவேண்டும். சைபீரியாவிலிருக்கும் நிலையத்துக்கு அந்த இடம் தேவை.

இப்போது முதல் கட்டின் 4. காற்றின் வேகத்தை எந்த அலகில் எழுதியிருக்கிறோம் என்று அது சொல்கிறது. 3 அல்லது 4 என்றால் நாட் (knot). 0 அல்லது 1 என்றால் விநாடிக்கு இத்தனை மீட்டர். இந்தியா நாட் அலகில் எழுதும், ரஷ்யா மீட்டரில் எழுதும். எல்லாரும் ஒரே அலகுக்கு வாருங்கள் என்று பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, உங்கள் அலகையே வைத்துக்கொள்ளுங்கள், எது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்று முடித்துக்கொண்டார்கள். பெரிய நிறுவனங்களின் தரவுகளை ஒன்றோடொன்று இணைப்பது பற்றி எழுதப்பட்டிருக்கும் தடித்தடியான வழிகாட்டிகளின் சாரம் இந்த ஒரே இலக்கத்தில் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

இந்தச் செய்தி போய்ச்சேரும் இடம் டெல்லி லோதி ரோட்டில் உள்ள மௌசம் பவன், இந்திய வானிலைத் துறையின் தலைமையகம். வானிலைத் துறை 1875-இல் கல்கத்தாவில் தொடங்கியது. சிம்லா, புனே என்று மாறி 1944-இல் டெல்லிக்கு வந்தது. உலக வானிலை அமைப்பு 1963-இல் உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, நாடுகளுக்கிடையே அளவீடுகளைக் கொண்டுசெல்ல ஒரு தொலைத்தொடர்பு வலையை வகுத்தார்கள். உலக மையங்கள் மூன்று: மெல்போர்ன், மாஸ்கோ, வாஷிங்டன். அவற்றுக்குக் கீழே மண்டல மையங்கள். அவற்றில் ஒன்று டெல்லி. பனிப்போரின் உச்சத்தில் மாஸ்கோவும் வாஷிங்டனும் ஒரே வலையில் ஒரே வடிவத்தில் காற்றழுத்தத்தைப் பரிமாறிக்கொள்ளச் சம்மதித்தன. மற்றவன் வானத்தைப் பார்க்காமல் தன் நாளைய மழையைச் சொல்ல முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

கணக்கு எளிது. உலக வானிலை அமைப்பில் ஏறக்குறைய 190 உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் தனித்தனியாக இணைப்பு வைத்துக்கொண்டால் 17,955 இணைப்புகள் வேண்டும். நடுவில் பொது மையங்கள் இருந்தால் ஆளுக்கு ஒன்றிரண்டு போதும். கொழும்பு தன் செய்தியை டெல்லிக்குத் தந்துவிட்டால் அது உலகத்துக்கே போய்ச்சேர்ந்த மாதிரி.

அதே லோதி ரோட்டில் கிழக்கே, ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கத்தை நோக்கிப் போனால் சிஜிஓ காம்ப்ளெக்ஸ். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அங்கேதான் இருக்கிறது. 1976-இல் உருவான தேசிய தகவலியல் மையம், அதாவது என்ஐசியின் தலைமையகமும் அங்கேதான். வானிலைக்காரர்கள் தீர்த்துவிட்ட அதே சிக்கலோடு இந்தக் கட்டடங்களில் இருப்பவர்கள் இன்றும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். சம்பளத்துக்கு ஒரு மென்பொருள், வருகைப்பதிவுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, கொள்முதலுக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆண்டில் வாங்கியது. ஊழியர் ஒருவர் மதுரைக் கிளைக்கு மாற்றலானால் அந்தச் செய்தி ஐந்து இடங்களுக்குப் போகவேண்டும். இரவு பதினொரு மணிக்கு ஒரு புரோகிராம் ஓடி, ஒன்றிலிருந்து கோப்பை எடுத்து மற்றொன்றில் கொட்டும். அது நின்றுபோனால், காலையில் யாராவது எக்செல்லில் பதிவிறக்கி, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்ப்பார். பத்து மென்பொருள் இருந்தால் இரண்டிரண்டாக 45 இணைப்புகள். போக்கும் வரவுமாக எண்ணினால் 90. ஒன்றை மாற்றினால் அதைத் தொட்டிருக்கும் அத்தனையும் உடையும். அதனால் யாரும் எதையும் மாற்றத் துணிவதில்லை.

இதற்கு மாற்றாக வந்த ஏற்பாடுதான் பொதுத் தரவுச் சேவை. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு சொந்தக்காரர். ஊழியர் எந்தக் கிளை என்பதற்கு மனிதவளத் துறையின் மென்பொருள் மட்டுமே பொறுப்பு. தெரிந்துகொள்ள வேண்டிய மற்ற மென்பொருள்கள் எல்லாம் அதன் வாசலில் வந்து, முன்பே ஒப்புக்கொண்ட வடிவத்தில் கேட்கவேண்டும். ஒப்புக்கொண்ட வடிவத்தில் பதில் வரும். அந்த வாசலைத்தான் ஏபிஐ என்கிறார்கள். உள்ளே இருக்கும் மென்பொருளை நாளை தூக்கிவிட்டுப் புதிது போட்டாலும் வாசல் மாறாதவரை வெளியே யாருக்கும் தெரியப்போவதில்லை.

சொல்வதற்கு எளிது. எங்கே இடறுகிறது என்பதற்கு ஓர் உண்மையான சான்று காட்டுகிறேன். தமிழ்நாட்டில் எந்தக் கடை பில்லையும் எடுத்து ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். 33 என்று தொடங்கும். டெல்லிக் கடை என்றால் 07. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வடக்கிலிருந்து தெற்கே மாநிலங்களை எண்ணிக்கொண்டு வந்ததில் விழுந்த எண்கள் அவை. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் பராமரிக்கும் உள்ளாட்சிக் குறியீட்டுப் பட்டியலிலும் தமிழ்நாடு 33தான். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், கிராமம் என்று எல்லாவற்றுக்கும் மாறாத எண் தருவதற்காகவே உள்ள பட்டியல் அது. அரசுத் துறைகள் அனைத்தும் இதையே பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். ஆக, ஜிஎஸ்டித் தரவையும் ஊராட்சித் தரவையும் மாநில எண்ணை வைத்துச் சேர்த்துவிடலாம் என்று தோன்றும்.

சேர்த்தால் ஆந்திரத்தில் மாட்டிக்கொள்வோம். 2014-இல் தெலங்கானா பிரிந்தபோது அதற்கு 36 கிடைத்தது. இரண்டு பட்டியலிலும் அப்படியே. ஆனால் எஞ்சிய ஆந்திரத்துக்கு உள்ளாட்சிப் பட்டியலில் பழைய 28 தொடர்கிறது; ஜிஎஸ்டியில் 37. பிறகு 2019-இல் லடாக் தனி ஒன்றியப் பிரதேசமானது. உள்ளாட்சிப் பட்டியலில் அதற்குக் கிடைத்த எண் 37. ஜிஎஸ்டியில் லடாக் 38. ஆக, 37 என்ற எண் ஓரிடத்தில் ஆந்திரம், இன்னோரிடத்தில் லடாக். விவரம் தெரியாமல் இரண்டு பட்டியலையும் இணைக்கிறவருக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. கணினி மகிழ்ச்சியாக விஜயவாடாக் கடைகளின் வரியை லே பள்ளத்தாக்கில் எழுதிவைக்கும். 33-ம் 07-ம் சரியாக இருப்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. தரவு இணைப்பில் எனக்குப் பெரிய அச்சம் தரும் பிழை இந்த வகைதான், பெரும்பாலும் பொருந்தி ஓரிடத்தில் மட்டும் சத்தமில்லாமல் பிசகுவது.

வானிலைக்காரர்களுக்கும் எண் மாற்றும் நெருக்கடி வந்தது. ஐந்து இலக்கம் போதவில்லை. தானியங்கி நிலையங்கள் பெருகிவிட்டன, வானிலைத் துறை அல்லாத அமைப்புகளும் நிலையங்கள் வைக்கத் தொடங்கின. உலகம் முழுக்கப் புதிய நீண்ட அடையாளம் கொண்டுவந்தார்கள். அதில் மீனம்பாக்கம் 0-20000-0-43279. பழைய எண்ணை அழிக்காமல் புதிய எண்ணுக்குள் வைத்துவிட்டார்கள். நடுவில் உள்ள 20000, இது பழைய பட்டியலில் இருந்து வந்தது என்பதற்கு அடையாளம். பல பத்தாண்டுப் பதிவுகள் ஒன்றும் அநாதையாகவில்லை. ஒரு நிலையத்தை மூடிவிட்டாலும் அதன் எண்ணைத் தூக்கி வேறொன்றுக்குக் கொடுப்பதில் என்ன ஆபத்து என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நம் மாநில எண்களுக்கு இந்த அக்கறையில் பாதி காட்டியிருந்தால் போதும்.

சிஜிஓ காம்ப்ளெக்ஸ் பக்கத்திலும் நன்றாகச் செய்த வேலை உண்டு. டிஜிலாக்கர் 2015 ஜூலை 1-இல் தொடங்கியது. அதை இயக்கும் தேசிய மின்னாளுகைப் பிரிவின் முகவரியும் லோதி ரோடுதான். பெயரில் லாக்கர் இருப்பதால், நம் ஓட்டுநர் உரிமமும் மதிப்பெண் பட்டியலும் ஏதோ ஒரு பெட்டகத்தில் நகலெடுத்து வைக்கப்பட்டிருப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். நாமாக ஸ்கேன் செய்து ஏற்றியவை மட்டும்தான் அப்படி. துறைகள் வழங்கிய ஆவணங்களுக்கு அங்கே இருப்பது ஒரு சுட்டி மட்டும். அதில் மூன்று துண்டு: யார் வழங்கியது, எந்த வகை ஆவணம், அதன் எண் என்ன. நீங்கள் உரிமத்தைத் திறக்கும்போது, போக்குவரத்து அமைச்சகத்துக்காக என்ஐசி உருவாக்கிய சாரதி தரவுத்தளத்துக்குக் கேள்வி போகிறது. பதில் வந்து திரையில் விரிகிறது. வாகனப் பதிவுச் சான்று என்றால் வாகன் தரவுத்தளம். 2017 பிப்ரவரியில் விதி திருத்தப்பட்டு, இப்படி வரும் ஆவணம் மூல ஆவணத்துக்குச் சமம் என்றானது. 2018-இல் போக்குவரத்து அமைச்சகம், போலீஸார் இதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது.

நகல் வைக்காததில்தான் இந்த ஏற்பாட்டின் பலம். நகல் எடுத்த நொடியிலிருந்து அது பழசாகத் தொடங்குகிறது. உரிமம் இடைநிறுத்தப்பட்டால் நகலுக்குத் தெரியாது. மூலத்தைப் போய்க் கேட்டால் தெரியும். கேட்கும் இடம் ஒன்று, தெரிந்த இடம் ஒன்று. நடுவில் இருப்பது வழிகாட்டி.

அதற்கு ஒரு விலையும் உண்டு. மூலத் தரவுத்தளம் படுத்துவிட்டால் உரிமமும் திறக்காது. தவறாகப் பதிவானது தவறாகவே, ஆனால் அதிகாரபூர்வ முத்திரையோடு, எல்லா இடத்துக்கும் போகும். அதனால் பொதுச் சேவை ஒன்றைக் கட்டுகிறவர்கள் திருத்தம் எங்கே செய்வது, எவ்வளவு நேரத்தில் செய்வது என்பதையும் சேர்த்தே கட்டவேண்டும். சொந்தக்காரர் என்று ஒருவரைச் சொன்னால், பிழைக்கும் அவரே பொறுப்பு. பல இடங்களில் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். திருத்தக் கேட்டுப் போகிறவர் மேலே கேளுங்கள், கீழே கேளுங்கள் என்று அலைகிறார்.

இந்த அலைச்சல் தமிழர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். காரணம் நம் பெயர். கந்தசாமி மகன் முருகன், பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு முருகன். குடும்ப அட்டையில் தமிழில் முருகன் மட்டும். தந்தை பெயர் தனிக் கட்டத்தில். பான் அட்டை விண்ணப்பம் கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும், இனிஷியலை ஏற்காது. எனவே அங்கே முருகன் முதல் பெயராகவோ கடைசிப் பெயராகவோ இருக்கலாம், நிரப்பியவர் கையில் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்துகொள்ளும். ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று வீட்டிலுள்ள அட்டைகளை எடுத்துப் பார்த்தாலே தெரியும். ஒரே ஆள்தான், ஆனால் ஒரு கணினி இன்னொன்றிடம் கேட்கும்போது ‘பெயர் பொருந்தவில்லை’ என்று வந்து நிற்கிறது.

பெயர் பொருத்தும் மென்பொருளைக் கெட்டிக்காரத்தனமாக்கி இதைத் தீர்க்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது அரைகுறைத் தீர்வு. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்ட படிவத்தில்தான் தவறு தொடங்குகிறது. முழுப்பெயருக்கு ஒரே கட்டம், அதை அந்தந்த மொழி எழுத்தில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை, எந்த எழுத்து என்ற குறிப்போடு வாங்கினால் பாதி குழப்பம் உள்ளே வரவே வராது. காற்றின் வேகத்துக்கு எந்த அலகு என்று கேட்டு வைத்த அந்த ஓர் இலக்கத்தின் வேலைதான் இது.

வானிலைத் தரவு மக்கள் தரவோடு சேர்ந்து வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. புயல் நேரத்தில் உங்கள் கைபேசிக்குத் தமிழில் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வந்திருக்கும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக, தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் உருவாக்கிய சசேத் என்ற அமைப்பின் வேலை அது. வானிலைத் துறை மழை பற்றியும், மத்திய நீர் ஆணையம் வெள்ளம் பற்றியும், ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் அலை, சுனாமி பற்றியும் எச்சரிக்கும். எல்லாரும் ஒரே பன்னாட்டு வடிவத்தில் தருகிறார்கள்: என்ன ஆபத்து, எவ்வளவு கடுமை, எவ்வளவு அவசரம், எந்தப் பரப்பு, எதுவரை. பரப்பை வைத்து எந்தச் செல்போன் கோபுரங்கள் என்று கணக்கிட்டு அந்த எல்லைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் செய்தி போகிறது. ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு தொலைபேசி நிறுவனத்தோடும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் நாகப்பட்டினத்துக்கு எச்சரிக்கை வருவதற்குள் புயல் கரை கடந்துவிடும்.

மௌசம் பவனின் பழைய வலைக்கும் இப்போது மாற்று வந்திருக்கிறது. செய்திகளைக் கையிலெடுத்து மையம் மையமாகத் தள்ளிவிடும் முறைக்குப் பதிலாக, புதிய தரவு வந்திருக்கிறது, இன்ன இடத்தில் இருக்கிறது என்ற அறிவிப்பு மட்டும் பறக்கும். வேண்டியவர்கள் போய் எடுத்துக்கொள்ளலாம். அறிவிப்பைச் சுமப்பது எம்க்யூடிடி என்ற நெறிமுறை. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க 1999-இல் எழுதப்பட்டது அது. 2025-இல் நடைமுறைக்கு வந்த இந்த முறைக்கு எல்லா நாடுகளும் 2033-க்குள் மாறவேண்டும் என்பது திட்டம். சுட்டியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைக் கேட்கும் டிஜிலாக்கரின் வழிக்கு வானிலையும் வந்துசேர்ந்திருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. மீனம்பாக்கத்தின் 31.2 டிகிரி யாருடைய சொந்த விஷயமும் இல்லை. 1995-இல் உலக வானிலை அமைப்பு அடிப்படைத் தரவுகளைக் கட்டணமும் கட்டுப்பாடும் இன்றிப் பகிர வேண்டும் என்று தீர்மானித்தபோது யாருடைய அந்தரங்கமும் அதில் இல்லை. ஒருவரின் மருத்துவப் பதிவும் கடனும் நிலமும் அப்படிப்பட்டவை அல்ல. இணைப்பது எளிதாகும்போது, தேவையில்லாமல் எட்டிப் பார்ப்பதும் எளிதாகிறது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது; 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

எட்டிப் பார்ப்பவரைக் கண்காணிக்க எஸ்டோனியா ஒரு வழி காட்டுகிறது. அந்த நாடு 2001 முதல் எக்ஸ்-ரோடு என்ற பொது வலையை நடத்துகிறது. ஒவ்வொரு துறையின் தரவும் அந்தத் துறையிடமே இருக்கும்; ஒரே தகவலைச் சேகரிக்க இன்னொரு அரசுத் தரவுத்தளம் தொடங்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. அங்கே குடிமகன் தன் தரவை எந்தத் துறை எப்போது பார்த்தது என்பதைத் தானே திறந்து பார்க்கலாம். இங்கே ஆதாருக்கு அதில் ஒரு பகுதி இருக்கிறது: கடந்த ஆறு மாதத்தில் நம் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்று ஐம்பது பதிவுகள்வரை பார்க்க முடியும். வாகனப் பதிவுக்கும் நிலப் பட்டாவுக்கும் மருத்துவப் பதிவுக்கும் அதே பட்டியல் வரவேண்டும். ஆறு மாதத்துக்கு மட்டுமல்லாமல், தரவு இருக்கும் காலம் முழுவதுக்கும். ஒவ்வொரு கேள்வியும் ஏதோ ஒரு வாசல் வழியாகத்தான் போகிறது, வாசலில் பதிவேடும் இருக்கிறது. அதை உரியவருக்குக் காட்டத் தனியாக எந்தப் புதுத் தொழில்நுட்பமும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.